வரைபடத்தில் அவள் இடம் எங்கே?

கடலூரை ஓர் ஊர் என்பார்கள். நடந்து பார்த்தவர்க்குத் தெரியும், அது மூன்று ஊர்! துறைமுகத்தைத் தொட்ட முதுநகர், அலுவலகங்கள் நிறைந்த மஞ்சக்குப்பம், பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிக் கடைகள் மொய்க்கும் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்திலோ தேர் ஓடும் நான்கு வீதிகளே கடைவீதிகள். இவற்றை எந்த நிபுணரும் மை தொட்டு வரைந்து தரவில்லை. மக்கள் கூடினார்கள், கடை முளைத்தது.

கொள்ளிடத்துக்கு அப்பால் புகாரிலே, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரச்சோலையில் நாளங்காடி இருந்தது என்கிறது சிலப்பதிகாரம். இரு பக்கத்தாருக்கும் பொதுவாக நடுவிலே சந்தை! இதற்குத்தான் இன்று நகரமைப்பு என்று பெயர்.

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பிறந்தது. குடியிருப்பு இது, வணிகம் இது, தொழில் இது என்று நிலத்தை வகை பிரிக்கிறார்கள். வேண்டியதுதான், பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் சாயப்பட்டறை கூடாது என்பதில் நமக்கும் உடன்பாடே. ஆனால் வணிகப் பகுதி என்று வண்ணம் பூசிய இடத்தில் கடை வைக்க முன்பணம் வேண்டும், வாடகை வேண்டும். நாலு கீரைக்கட்டைச் சுமந்து வரும் தாய் எங்கே போவாள்? வீதியோரம் அமர்கிறாள். உடனே அவள் மீது பாய்கிறது ‘ஆக்கிரமிப்பு’ என்ற பட்டம்! வண்டி நிறுத்த இடம் விடாமல் மாடி மேல் மாடி கட்டி, வந்தவர் வாகனத்தையெல்லாம் வீதியிலே நிறுத்த வைக்கிறானே பெருங்கடைக்காரன், அதற்கென்ன பெயர்? வளர்ச்சியாம்!

1999இல் கலைஞர் ஆட்சியில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. தராசும் இடமும் கொடுத்ததும், தரகர் இல்லாமலே உழவர் விற்றுக் காட்டினார்.

2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென நாடாளுமன்றம் சட்டமே செய்தது. நகர விற்பனைக் குழுவில் 100க்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் அறிவிப்பு வேண்டும். மக்கள் வழிவழியாகக் கூடி வாங்கும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று அந்தச் சட்டமே மதிக்கிறது. காகிதத்தில் இத்தனை இருந்தும், தள்ளுவண்டிக்காரர் காக்கிச் சட்டையைக் கண்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாரே, ஏன்?

தோழர்களே! திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. வேலை முடிந்து திரும்பும் வழியில் எந்த அம்மாவிடம் காய் வாங்குகிறீர்களோ, அவரையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். கடலூர் என்றால் மாநகராட்சிக்கு, சிதம்பரம் என்றால் நகராட்சிக்கு. சான்றிதழ் எங்கே, குழுவில் இருப்பவர் யார், வரைபடத்தில் இவர் அமரும் இடம் எது என்று கேளுங்கள்.