முதலில் வேலி, அப்புறம்தான் கொடி

எங்க தோட்டம் வெம்பக்கோட்டை பக்கம், ரெண்டு ஏக்கர் கரிசல். சுற்றுவட்டாரம் பூரா பட்டாசு ஆபீஸ்கள். முன்பெல்லாம் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைச்ச காய்ந்த வேலிதான் எங்களுக்கு. ஐப்பசி மழை தள்ளிப்போன ஒரு வருஷம், தீபாவளி ராத்திரி எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒண்ணு அதில் விழுந்தது. குடத்தோடு ஓடி வருவதற்குள் மேற்குப் பக்கம் முழுக்க எரிந்து போச்சு.

என் மனைவி பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். கரிக்கட்டையைப் பார்த்துச் சொன்னாள்: "நெருப்புக்குப் பயந்துக்கிட்டே அங்க வேலை பாக்குறது பத்தாதா? இங்கயாவது பச்சையா நிக்கிற வேலி வைங்க."

கடன் வாங்காமல் கம்பிவேலி போட முடியாது. 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, இந்த மானாவாரிக் கரிசலை நன்கு அறிந்த நம்மாழ்வார் ஐயா, உயிர்வேலியைப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அதையே செய்வோம் என்று இறங்கினேன். கிளுவை நல்ல வேலிதான், ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடும். அதனால் வெளிவரிசையில் ஆடாதொடைக் குச்சி, உள்வரிசையில் கொடுக்காப்புளி விதை, ஓர் அடிக்கு ஒன்று. ஆடாதொடையை ஆடு கடிக்காது, கொடுக்காப்புளியில் முள் உண்டு. ரெண்டும் வருஷம் முழுக்கப் பச்சை.

அங்கேதான் அவசரப்பட்டேன். பூவும் வேணும், காயும் வேணும் என்று அதே மழையில் கோவைக் கொடியையும் பீர்க்கையும் வேலி ஓரமா போட்டுவிட்டேன். மார்கழியில் பார்க்க அழகுதான். ஆனால் முழங்கால் உயரக் கன்றுகள் வெயில் படாமல் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. முப்பது அடிக்கு வேலியே இல்லை. பங்குனியில் அந்த வழியா நுழைந்த ஆடுகள் வெள்ளரியை வேரோடு மேய்ந்துட்டுப் போயின. விதை வாங்கினது மனைவியின் சம்பளத்தில். "நடக்கப் பழகாத பிள்ளை தலையில மூட்டைய ஏத்துனா எப்படிங்க?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுபடி நட்டோம். இப்போது எங்கள் முறை இதுதான்:

முதல் ரெண்டு வருஷம் வேலியில் எந்தக் கொடியும் கிடையாது. கன்று பிழைக்கும்வரை வெளியே கொஞ்சம் முள் பரப்பி, கோடையில் குடத்தால் தண்ணீர் ஊற்றினோம். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்தோம். மூணடி வளர்ந்ததும் நுனி வெட்டினால் பக்கக் கிளை வெடித்து அடர்த்தியாகும்.

மூணாம் வருஷம் ஐப்பசியில் கொடி. வேலியிலிருந்து ஓர் அடி தள்ளி, ஆறடிக்கு ஒரு குழி. பாரம் இல்லாத கொடிகள்தான்: சங்குப்பூ, முடக்கத்தான். சங்குப்பூ விதைக்குத் தோல் கடினம், ஒரு ராத்திரி ஊறவைக்கணும். பயறு வகைக் கொடி என்பதால் அதன் வேர்முடிச்சு தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். வேலிப்பருத்தி தானாகவே வந்தது. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும், அதனால் அங்கங்கே விட்டுவைத்தோம். கோவையும் பீர்க்கும் பந்தலுக்குப் போயாச்சு. செங்காந்தள் வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க: கிழங்கு, விதை எல்லாமே விஷம். பிள்ளைகளும் கால்நடையும் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

முக்கியமான வேலை தை, மாசியில். முடக்கத்தான் அப்போது காய்ந்துவிடும். காய்ந்த கொடியை வேலியில் விட்டால் பழைய முள்வேலிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை, ஒரு பொறி போதும். விதையை எடுத்துக்கொண்டு கொடியை இழுத்து வெள்ளரிக் குழிகளுக்கு மூடாக்காகப் போடுகிறோம். சங்குப்பூவையும் வேலி மூச்சுவிடும்படி கவாத்து செய்கிறோம்.

வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பிப்போகும். இப்போது வேலிப் பூவைத் தேடி வரும் தேனீ வெள்ளரிக்கும் வருகிறது. கொடுக்காப்புளிப் பழம் பிள்ளைகளுக்கு, ஆடாதொடை இலை இருமல் கஷாயத்துக்கு.

போன தீபாவளிக்கும் ராக்கெட் ஒண்ணு வேலியில் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தோம். நாலு இலை கருகியிருந்தது. பக்கத்திலேயே சங்குப்பூ பூத்திருந்தது. "இனி நிம்மதியா தூங்கலாம்" என்றாள் மனைவி.