சேக்கிழார் என்னுங் குடிப்பெயர்

திருத்தொண்டர் புராணம் இயற்றியவர் யாவர் என வினவின், தமிழறிந்தார் எவரும் சேக்கிழார் என்றே விடை கூறுவர். ஆயின் அப்பெயர் அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அவர் தோன்றிய குடியின் பெயர். அவர்தம் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்றும், அவர்க்குப் பாலறாவாயர் என்னும் இளவல் ஒருவர் இருந்தனர் என்றும், உமாபதி சிவாசாரியர் இயற்றியதாக வழங்குஞ் சேக்கிழார் புராணங் கூறும். அவ்வாறாயின் பாலறாவாயரும் சேக்கிழாரே. அவர்தந் தந்தையாரும் சேக்கிழாரே. ஒரு குடியிற் பிறந்தார் பலர்க்கும் பொதுவாயிருந்த பெயர் அவருள் ஒருவர்க்கே உரியதாய் ஒடுங்கியது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

சேக்கிழார் என்பது சே, கிழார் என்னும் இருசொற் புணர்ந்தது. இவற்றுட் பின்னின்ற சொல்லின் பொருள் ஐயத்திற்கு இடனின்றி விளங்கும். கிழமை என்பது உரிமை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இலக்கணநூலார் பகுத்ததும், அகப்பொருளிலே தலைவனையுந் தலைவியையுங் கிழவன், கிழத்தி என்றதும் இப்பொருள் பற்றியே. ஞாயிறு திங்கள் முதலிய கோள்களுக்கு உரிய நாள்களையும் இன்றுங் கிழமை என்றே வழங்குகின்றோம். கிழவன் என்னும் அச்சொல் இக்காலத்து முதுமையொன்றையே குறித்து நிற்க, உரியவன் என்னும் பழம்பொருள் உலக வழக்கின் நீங்கியது. சொற்களுக்கும் இத்தகைய தாழ்வு நேர்தல் உண்டு.

நிலத்திற்கு உரியார் கிழார் எனப்பட்டனர். சங்கப் புலவருட் கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், பெருங்குன்றூர் கிழார், மாங்குடி கிழார் முதலியோர் பெயர்களை நோக்குக. வள்ளல்களுள்ளும் சிறுகுடி கிழான் பண்ணன், அம்பர் கிழான் அருவந்தை, ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறன் என்பார் உளர். இப்பெயர்களை அடுத்தடுத்து வைத்துக் காணின் ஒரு வேற்றுமை புலனாம். பண்ணன், அருவந்தை, தோயன்மாறன் என வள்ளல்களின் இயற்பெயர் நின்றன. புலவர் பலர்க்கோ ஊருங் கிழமையுமே எஞ்சின. கோவூர் கிழாரை அவர்தந் தாயார் எப்பெயரிட்டு அழைத்தனரோ, அறிவார் இலர். பாடினோர் பெயர் மறையப் பாடப்பட்டோர் பெயர் நிலைத்தது வியப்பன்று. அப்பெயரை நிலைபெறுத்துதலே பாட்டின் பயனாயிருந்தது.

இனிச் சே என்னும் முன்மொழியின் பொருள் யாதென்பதே வழக்கிற்கு இடனாயுள்ளது. கோவூர் முதலியனபோல அஃது ஊர்ப்பெயராகத் தோன்றவில்லை. சே என்பதற்கு எருது எனவும், ஒருவகை மரம் எனவும் பொருளுண்டு. செம்மை என்னும் பண்புப்பெயர் ஈறுகெட்டு ஆதி நீண்டு சேவடி, சேதாம்பல் என்றாற்போலச் சே என நிற்றலும் உண்டு. எருதிற்கு உரியார் என்பதே பெரும்பாலார் கொண்ட பொருள். உழவுக்குடி யாதலின் அஃது இயைபுடைத்து.

ஆயினும் இலக்கணம் இதற்கு ஒரு தடை எழுப்புகின்றது. ஏகார வீற்றுப் பெயர்முன் வல்லெழுத்து வருமொழியாயின் அவ்வெழுத்து மிகும் என்பது தொல்காப்பிய உயிர்மயங்கியலின் பொதுவிதி. அவ்வியலிலேயே சே என்னுஞ் சொல்லுக்குச் சிறப்புவிதியுங் கூறப்பட்டது. அச்சொல் மரத்தைக் குறிப்பின் மெல்லெழுத்து மிகும். எனவே சேங்கோடு என்றாம். பெற்றத்தைக் குறிப்பின் இன்சாரியை பெறும். எனவே சேவின்கோடு என்றாம். இவ்வரம்பின்படி மரப்பொருட்குச் சேங்கிழார் எனவும், எருதுப் பொருட்குச் சேவின்கிழார் எனவும் வரல்வேண்டும். செம்மைப் பொருளாயின் ஒற்று மிகாது சேகிழார் என நிற்றலே முறை. வழங்குவதோ ககர ஒற்று மிக்க சேக்கிழார் என்பது. அற்றேல் மூன்று பொருளும் பொருந்தா எனத் தள்ளிவிடலாமோ எனின், அற்றன்று. குடிப்பெயர்கள் உழுவார் வாயினும் ஊரார் வாயினும் பிறந்து வளர்ந்தவை; சாரியையைக் கைவிட்டுப் பொதுவிதியின்பாற் சார்தல் அவற்றிற்கு அரிதன்று. ஆதலின் எருதுப்பொருளே ஏற்புடைத்து. அது விதியினால் நாட்டப்பட்டதன்று, குடியின் தொழிலினால் துணியப்படுவது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

இக்குடிப்பெயர் வழங்கிய முறையைக் கல்வெட்டுக்கள் நன்கு காட்டுகின்றன. 12-ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டொன்று ‘குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன்’ என ஒருவரைக் குறிக்கின்றது. நீண்டதாயினும் இப்பெயர் ஒழுங்குடையது. குன்றத்தூர் என்பது ஊர். சேக்கிழான் என்பது குடி. மாதேவடிகள் என்பது தந்தை பெயர். இராமதேவன் என்பது தன்பெயர். உத்தமசோழப் பல்லவராயன் என்பது அரசன் அளித்த பட்டம். ஒருவனை இன்னான் எனத் துணிதற்கு வேண்டுவன யாவும் ஒரே தொடரில் அடங்கின. ஆவணம் எழுதுவார்க்கு இதனினுந் தெளிவு வேண்டுவதில்லை.

இக்கல்வெட்டினாலேயே பெரியதொரு கருத்து வேறுபாடும் எழுந்தது. அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) அவையில் அருண்மொழித்தேவர் அமைச்சராய் அமர்ந்து உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் பெற்றார் என்று சேக்கிழார் புராணங் கூறும். ஊர் ஒன்று, குடி ஒன்று, பட்டமும் ஒன்று, காலமும் அணித்து. ஆதலின் கல்வெட்டிற் கண்டவர் புராண ஆசிரியரே என்பாரும் உளர். தன்பெயர் வேறாதலை அவர் எளிதிற் கடந்துசெல்கின்றனர். அது பொருந்துவதன்று. ஊரும் குடியும் உறவினர் பலர்க்குப் பொது. பட்டமும் ஒரே காலத்தோ அடுத்த காலத்தோ ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு அளிக்கப்படுவதுண்டு. ஐந்து உறுப்புக்களுள் ஒருவனுக்கே தனியுரிமையாவது தன்பெயர் ஒன்றே. அவ்வொன்றே ஈண்டு மாறுபடுகின்றது. இராமதேவர் அருண்மொழித்தேவர்க்கு நெருங்கிய சுற்றத்தாராதல் கூடும் என்பதற்குமேல் இச்சான்றால் நிறுவல் இயலாது. சேக்கிழான் பாலறாவாயன் களப்பாளராயன் எனப் பிற்பட்ட கல்வெட்டிற் காணப்படுபவரை உடனே புராண ஆசிரியரின் இளவலாக்குதலும் இத்தகையதே. பாலறாவாயர் என்பது ஞானசம்பந்தப் பிள்ளையாரைக் குறிக்குந் திருப்பெயர். சைவக்குடியில் அது தலைமுறைதோறும் மீள மீள இடப்படுதல் இயல்பு. அருண்மொழி என்பதும் முதலாம் இராசராசனது இயற்பெயராய் நாடெங்கும் பரவியது. குடிப்பெயர் கண்டவிடமெல்லாம் புலவரைக் காணின், பெரியார் ஒருவரது வரலாறு பிறர் பலர் செயல்களால் நிரம்பிவிடும்.

புராண ஆசிரியரோ இத்தகைய வேறுபாடுகளிற் கருத்தூன்றியவர். திருநாவுக்கரசர் வரலாற்றைத் தொடங்குமிடத்துத் திருவாமூரையும், குறுக்கையர் குடியையும், புகழனார் என்னுந் தந்தை பெயரையும், மருணீக்கியார் என்னும் பிள்ளைப்பெயரையும் முறையே நிறுத்தி, இறைவன் அளித்த நாவுக்கரசு என்னும் பெயரையும், பிள்ளையார் அழைத்த அப்பர் என்னும் பெயரையும் அவ்வவற்றிற்குரிய இடத்திலே வைத்தார். ஊர், குடி, தந்தை, தன்பெயர், பட்டம் எனக் கல்லில் வெட்டிய அம்முறையே பாட்டிலும் வந்தது போலும்! அரசன் அலுவலிற் பழகியவர்க்கு அது கைவந்த முறையாதல் கூடும். அப்பர் குறுக்கையர் என வழங்கப்படவில்லை. அருண்மொழித்தேவரோ சேக்கிழார் என்றே வழங்கப்பட்டார். தொண்டர்சீர் பரவுவார் என்று அவர்க்கு உண்டான சிறப்புப்பெயரும் குடிப்பெயரை வெல்லவில்லை. புராணமும் பிள்ளைத்தமிழும் சேக்கிழார் பெயராலேயே எழுந்தன.

குடிப்பெயர் ஒருவர் பெயரானபின், அக்குடியார் பிறர்க்கு அதனை இட்டு வழங்குதல் அரிதாயிற்று. குன்றத்தூரில் அப்பெயர் இன்று கோயிலிற் கேட்கப்படும். சைவ மன்றங்களும் தெருக்களும் அதனைத் தாங்கி நிற்கின்றன. சில இல்லங்களில் ஆண்மகவுக்கு அதனை இயற்பெயராகவே இடுகின்றனர். பள்ளியேட்டில் அப்பிள்ளையின் பெயர்முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கச் சேக்கிழார் என்பது தன்பெயருக்குரிய இடத்தில் எழுதப்படுகின்றது.