முள் சொன்ன பொய்

உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகளைக் கைவிடாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கால் தொட்டி பெட்ரோல் இருப்பதாக முள் காட்டிக்கொண்டிருக்கவே, குழந்தைகளுடன் இரவில் நெடுஞ்சாலையில் நின்றுபோனோம். மறுநாள் மெக்கானிக் பெட்ரோல் மானியையே மாற்றச் சொன்னார். நாமோ பக்கத்து முள்ளைக் கவனித்தோம். எஞ்சின் சூடேறாதபோதும் வெப்பமானி உயர்ந்தே நின்றது.

இரண்டும் ஒருங்கே மிகுத்துக் காட்டினால், குற்றம் பெரும்பாலும் அவற்றுக்குப் பொதுவான ஸ்டெபிலைசரில்தான். பழைய வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டுக்குப் பின்னே சிறு தகரப் பெட்டியாக அது இருக்கும். பாட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரி 10 வோல்ட்டாக்கி மானிகளுக்கு அளிக்கும். அதன் எர்த் இணைப்பில் துருவேறினால் முழு வோல்ட்டும் அப்படியே செல்லும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். முட்கள் இறங்கின. செலவு, ஓர் உப்புத்தாள்!

பெட்ரோல் முள் மட்டும் பிழைத்தால் தொட்டியிலுள்ள மிதவையையும் அதன் கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும். இவ்வகை மானிக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துச் சோதிப்பாரும் உளர். உள்ளிருக்கும் மெல்லிய சுருள் கருகிவிடும். அன்பர்கள் அதற்கு இடங்கொடுக்கலாகாது.