பேரேட்டின் கட்டங்கள்

நுழையும்முன்

வணிகத்திற்குக் கணினி வாங்குவோர் பலர். அக்கணினியில் எதைப் பதிவு செய்ய வேண்டும், எதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று அமர்ந்து சிந்திப்போர் சிலரே. பண்டம் எங்கிருந்து வந்தது, எவருக்கு எவ்வளவு தரவேண்டும், விலையை யார் அறிவர் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை அந்தச் சிந்தனையில்தான் உள்ளது. மலையூர் ஒன்றின் சாமை வணிகத்தைக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

தருமபுரி மாவட்டத்தில், சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே அமைந்துள்ளது சித்தேரி மலை. அரூர்ப் பகுதியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் அதன் சிற்றூர்களை அடையலாம். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலைவாழ்நர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயரைக் கேரளத்தின் மொழியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம், இரண்டும் வேறு. சாமையும் கேழ்வரகும் அம்மலையின் பயிர்கள். புளி அங்கிருந்து சமவெளிக்கு இறங்கும் பண்டம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், நகரக் கடைகளில் சாமை அரிசிக்குத் தனி அடுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கில் எழுதியுள்ள விலைக்கும் மலையில் விளைவித்தவர் பெறும் விலைக்கும் உள்ள தொலைவு, மலைக்கும் நகரத்துக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிது.

இத்தொலைவுக்குப் போக்குவரத்து, உமி நீக்கும் கூலி, இடைத்தரகு எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அது கணக்கு நோட்டு.

மலையூர்களில் பரவலாக நிகழும் வணிகத்தை எண்ணிப் பாருங்கள். ஆடியில் விதைப்புச் செலவுக்கு விவசாயி வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். இடையில் மருத்துவச் செலவுக்கோ திருமணத்துக்கோ மேலும் சிறிது வாங்குகிறார். அறுவடை முடிந்ததும் மூட்டைகள் வியாபாரியின் வண்டியில் ஏறுகின்றன. வியாபாரி தம் நோட்டைப் புரட்டி, “கழித்தது போக இவ்வளவு” என்று ஒரு தொகையைத் தருகிறார். கிலோவுக்கு என்ன விலை போட்டார், மூட்டைக்கு எத்தனை கிலோ கொண்டார், முன்பணத்துக்கு வட்டி எவ்வளவு பிடித்தார் என்பன அந்த ஒற்றைத் தொகைக்குள் மறைந்துவிடுகின்றன. வியாபாரி நேர்மையானவராகவே இருக்கலாம். எனினும் நோட்டு அவரிடம் மட்டுமே இருக்கிறது. அடுத்த ஆண்டு விலை பேசும்போது கையில் ஆதாரத்துடன் பேசுபவர் அவர் ஒருவரே.

தகவல் தொழில்நுட்பத்தை வணிக உத்தியாகக் கையாளுதல் என்பதன் வித்து இங்கே இருக்கிறது. கணக்கை விரைவாகப் போடுவதற்குக் கணினியைப் பயன்படுத்துவது அலுவலக வசதி. தகவல் எவரிடம், எப்போது, எவ்வடிவில் சென்று சேரவேண்டும் என்பதை மாற்றியமைத்து, அதனால் கொள்முதலையோ விற்பனையையோ தன்பக்கம் திருப்பிக்கொள்வது உத்தி.

இதற்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட சான்று, ஐ.டி.சி. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய இ-சௌபால் திட்டம். சௌபால் என்பது ஊரார் கூடிப் பேசும் இடத்தைக் குறிக்கும் இந்திச் சொல். நம் ஊர் மந்தை அல்லது சாவடி போன்றது. சோயா விளையும் சிற்றூர்களில், விவசாயி ஒருவரின் வீட்டிலேயே இணைய இணைப்புள்ள கணினி வைக்கப்பட்டது. மின்சாரமும் தொலைபேசியும் நம்பத்தக்கனவாக இல்லாமையால் சூரிய மின்கலமும் செயற்கைக்கோள் இணைப்பும் துணையாயின. அதுவரை விவசாயி வண்டி கட்டிக்கொண்டு ஏலச்சந்தைக்குச் சென்ற பின்னரே விலையை அறிவார். விலை பிடிக்கவில்லை என்று திரும்பினால் வண்டிக்கூலி நட்டம். இப்போது வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே சந்தை விலையையும் நிறுவனம் தரும் விலையையும் ஒப்பிட இயன்றது. நிறுவனம் இதனை அறச்செயலாகச் செய்யவில்லை. தரமான சோயாவை இடைச்செலவு குறைத்து நேரடியாகக் கொள்முதல் செய்வதே அதன் நோக்கம். இரு தரப்புக்கும் பயன் கிட்டியதால்தான் இது வணிகக் கல்வியில் இன்றும் பேசப்படுகிறது.

தகவலைக் காட்டும் வரிசைகூட உத்தியாகும் என்பதற்கு வானூர்தித் துறையில் ஒரு சான்று உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்னும் முன்பதிவு அமைப்பு 1960களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் அட்டைகளில் எழுதிப் பராமரித்த இருக்கைக் கணக்கு கணினிக்கு மாறியது. 1976இல் அவ்வமைப்பின் முனையங்களைப் பயண முகவர்களின் அலுவலகங்களிலும் நிறுவத் தொடங்கினர். போட்டி நிறுவனங்களின் விமானங்களும் திரையில் தோன்றின. ஆனால், முதலில் தோன்றியவை திரைக்கு உரியவரின் விமானங்கள். அவசரத்தில் இருக்கும் முகவர் முதல் திரையைத் தாண்டுவது அரிது. இவ்வாறு வரிசையைச் சாய்த்துக் காட்டுவதை 1984இல் அமெரிக்க அரசு விதி வகுத்துத் தடுத்தது. ஒரு பொய்யும் சொல்லாமல், உண்மைகளின் வரிசையை மாற்றியே ஆதாயம் தேட முடியும் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி மலைக்குத் திரும்புவோம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழியே நிறுவனங்கள் சட்டத்தில் ‘உற்பத்தியாளர் நிறுவனம்’ என்னும் வகை சேர்க்கப்பட்டது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே அத்தகைய நிறுவனத்தைத் தொடங்கலாம். சித்தேரி மலையில் சாமை விளைவிப்போர் அவ்வாறு ஒன்றைத் தொடங்கியதாகவும், அதற்குத் தரவுத்தளம் அமைக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்ததாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலில் கைவருவது ஒரே ஒரு பெரிய அட்டவணை: தேதி, பெயர், ஊர், தொலைபேசி எண், பண்டம், எடை, தொகை. சிறிய கடைக்கு இது போதும். ஆனால், ஒருவர் ஓராண்டில் பன்னிரண்டு முறை சாமை கொண்டுவந்தால் அவருடைய ஊரும் தொலைபேசி எண்ணும் பன்னிரண்டு இடங்களில் எழுதப்படும். எண் மாறினால் பன்னிரண்டு இடங்களிலும் திருத்த வேண்டும். பதினொன்றைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், எது சரி என்று கணினிக்குத் தெரியாது.

இச்சிக்கலுக்கு வழிகாட்டியவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இவ்வறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். அதற்கு முன்பு, தரவு எந்த இடத்தில் எந்தக் கிளையில் வைக்கப்பட்டுள்ளது என்னும் பாதையை அறிந்தவரே அதனை எடுக்க இயலும். காட்டின் மாதிரியில் எது வேண்டும் என்று கேட்டால் போதும்; எடுக்கும் வழியைக் கணினி பார்த்துக்கொள்ளும். 1976இல் பீட்டர் சென் உருப்பொருள்களையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் படமாக வரையும் முறையைத் தந்தார். இன்றும் தரவுத்தளம் அமைப்போர் கணினியைத் தொடுமுன் தாளில் வரைவது அப்படத்தையே.

நம் தாளில் உறுப்பினர், கொள்முதல், பண்டம் என மூன்று கட்டங்களை வரைவோம். உறுப்பினரின் விவரம் ஒரே இடத்தில் ஒருமுறை மட்டும் இருக்கும். கொள்முதல் அட்டவணையில் அவருடைய பெயருக்கு மாற்றாக உறுப்பினர் எண் இடம்பெறும். அவ்வெண் உறுப்பினர் அட்டவணையில் முதன்மைத் திறவுகோல். கொள்முதல் அட்டவணையில் அயல் திறவுகோல். பெயரையே திறவுகோலாகக் கொண்டால் என்ன என்று சிலர் கேட்பர். ஒரே வகுப்பில் மூன்று பிரியாக்களை வைத்துக்கொண்டு வருகைப்பதிவேடு எடுத்த ஆசிரியர் எவரும் அக்கேள்வியைக் கேட்கமாட்டார். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் ஊர்களில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்ட இருவர் இருப்பது இயல்பே. ஒருவருக்குரிய தொகை மற்றவர் கணக்கில் ஏறினால் அது கணினிப்பிழையாக மட்டும் முடியாது. இரு வீடுகளுக்கிடையே பகையாகவும் முடியும்.

அடுத்தது விலை. பண்டம் அட்டவணையில் சாமைக்கு எதிரே ‘கிலோ 40 ரூபாய்’ என்று எழுதி, கொள்முதலின் எடையை அதனால் பெருக்கித் தொகை காண்பதாக அமைத்தால் பார்ப்பதற்குச் சிக்கனமாகத் தோன்றும். கார்த்திகையில் 60 கிலோ தந்தவருக்கு 2,400 ரூபாய் கணக்காகிறது. தை மாதத்தில் விலை 46 ரூபாயாக உயர்ந்து, பண்டம் அட்டவணையில் அதனைத் திருத்துகிறோம். இப்போது கார்த்திகைக் கணக்கைத் திறந்தால் 2,760 ரூபாய் என்று காட்டும்! விலை இறங்கியிருந்தால் கொடுத்த பணம் கூடுதல் என்று காட்டியிருக்கும். எனவே, கொள்முதல் நிகழ்ந்த நாளின் விலை அந்தக் கொள்முதல் பதிவிலேயே நிலையாக இருத்தல் வேண்டும். இன்றைய விலை வேறு, அன்று ஒப்புக்கொண்ட விலை வேறு. ஒரே தரவு இருமுறை எழுதப்படுவதாக இதனைக் கருதி நீக்கிவிடும் மாணவரைத் தேர்வுத்தாள்களில் காணலாம். இவை இரண்டு வெவ்வேறு உண்மைகள்.

முன்பணத்துக்குத் தனி அட்டவணை வேண்டும். கொள்முதல் தொகையில் முன்பணத்தைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் பதிவு செய்தால், பழைய நோட்டையே கணினியில் ஏற்றியதாகும். கொடுத்த நாள், தொகை, வட்டி உண்டா இல்லையா, திரும்பச் செலுத்திய நாள் ஆகியவை தனித்தனிப் புலங்களாக இருக்கும்போதுதான் “என் சாமைக்கு என்ன விலை கிடைத்தது?” என்னும் எளிய கேள்விக்கு எளிய விடை கிடைக்கும். அளவைக்கும் இது பொருந்தும். படி, வள்ளம், மூட்டை என்று வாய்மொழியில் வழங்கட்டும்; பதிவில் கிலோ ஒன்றே இருத்தல் வேண்டும். கல்லும் தூசும் நீக்குவதற்கு முன் எடுத்த எடை, நீக்கிய பின் எடுத்த எடை என இரண்டையும் எழுதிவைப்பது நலம். கழிவு என்ற பெயரில் எவ்வளவு கழிகிறது என்பது அப்போது தெரியும்.

விற்பனைப் பக்கம் இன்னும் சுவையானது. நகரத்துக் கடைக்காரர் இன்ன மலையில் விளைந்த சாமை என்று சான்று கேட்பார். அதற்காக விலை கூடுதலாகவும் தருவார். உமி நீக்கும்போது பலருடைய சாமை ஒன்றாகக் கலந்து ஒரு தொகுதியாகிறது. ஒருவருடைய சாமையே பிரிந்து இரு தொகுதிகளில் சேர்வதும் உண்டு. இதனைப் பலவற்றுக்குப் பல உறவு என்பர். தொகுதி அட்டவணைக்கும் கொள்முதல் அட்டவணைக்கும் நடுவே, ‘இந்தக் கொள்முதலிலிருந்து இந்தத் தொகுதிக்கு இத்தனை கிலோ’ என்று மட்டும் கூறும் இணைப்பு அட்டவணை ஒன்றை வைத்தால் சிக்கல் தீரும். மூன்றே புலங்கள் கொண்ட அந்தச் சிறிய அட்டவணைதான் பொட்டலத்தின் மேலுள்ள எண்ணிலிருந்து வயல்வரை திரும்பிச் செல்லும் வழி. வாங்குபவர் கூடுதலாகத் தரும் விலை எந்த உறுப்பினர்களுக்கு உரியது என்பதும் அதன்வழியே தெரியும். நிறுவனத்தின் உத்தி இந்த அட்டவணையில் இருக்கிறது என்றே கூறலாம்.

மலைக்கு உரிய இடர் ஒன்றும் உண்டு. அலைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத ஊர்களில் பதிவுகளைக் கைக்கருவியில் சேமித்து, இணைப்புக் கிடைக்கும்போது மையக் கணினிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு கொள்முதல் நிலையங்கள் ஒரே நாளில் தனித்தனியே 101, 102 என்று எண்ணிட்டிருந்தால், மையத்தில் சேரும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடலாம். நிலையத்தின் குறியீட்டை எண்ணுக்கு முன் சேர்ப்பது எளிய தீர்வு. நம் தொடர்வண்டித் துறையும் வேறொரு வடிவில் இத்தகைய சிக்கலைக் கடந்து வந்ததே. முன்பதிவுக்காகத் தனித்தனியே இயங்கிய ஐந்து மையங்களின் கணினிகள் 1999இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின்னரே, ஓரூரிலிருந்து எந்த ஊருக்கும் சீட்டுப் பெறுவது எளிதாயிற்று. சென்னை அவ்வைந்தனுள் ஒன்று.

எதைப் பதிவு செய்யக்கூடாது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். சாமை வாங்குவதற்கு உறுப்பினரின் நோய் விவரமோ குடும்பத்தாரின் அடையாள எண்களோ தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்திற்குத் தேவையான தரவை மட்டுமே ஒப்புதலுடன் பெறுவதை வலியுறுத்துகிறது. சேமிக்காத தரவு களவு போவதில்லை.

இறுதியாக வடிவமைக்க வேண்டியது ஒரு சிறிய தாள். எடை போட்ட உடனே கருவியிலிருந்து வெளிவரும் அச்சுச்சீட்டு அது. உறுப்பினர் எண், நாள், இரண்டு எடைகள், கிலோ விலை, மொத்தத் தொகை, பிடித்த முன்பணம், மீதமுள்ள முன்பணம் ஆகிய அனைத்தும் தமிழில், பெரிய எழுத்தில், தனித்தனி வரிகளில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாத உறுப்பினர்க்கு நிலையத்தில் உள்ளவர் அதனை உரக்கப் படித்துக் காட்டுவார். வீட்டிற்குச் சென்றதும் பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ மறுமுறை படிப்பார். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவ்வீட்டார் சரிபார்த்துக்கொள்வர்.