தீவகத்துப் பழைய நகைகளும் பவுண் காசும்

அனலைதீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பொன்னின் நிறை இன்றும் ‘பவுண்’ கணக்கிலேயே கூறப்படுகின்றது. 8 கிராமைக் குறிக்கும் இவ்வளவு, பிரித்தானியச் சவரன் நாணயத்தினின்றும் வந்தது. 22 கரட் பொன்னாலான அந்நாணயத்தின் நிறை 7.98 கிராம். அது நிறையளவாகியதோடு அமையாது அணியாகவும் மாறிற்று. தாலிக்கொடியிற் பவுண் காசு கோக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தாரிடையே உண்டு.

இத்தகைய நகைகளின் காலத்தைக் கணிக்க நாணயத்தின் முகமே முதற்சான்று. விக்ரோறியா மகாராணியின் இளமையுருவம் 1838 முதல் 1887 வரையும், சிறுமுடி தரித்த பொன்விழா உருவம் 1887 முதல் 1893 வரையும், முக்காடிட்ட முதுமையுருவம் 1893 முதல் 1901 வரையும் சவரனிற் பொறிக்கப்பட்டன. எனினும் நாணயத்தின் ஆண்டு நகையின் ஆண்டன்று. நகை அதற்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே அது நிறுவும்; பழங்காசைப் பிற்காலத்துக் கொடியிற் கோத்தலும் கூடும்.

வளையம் பற்றவைத்த காசு நாணயச் சேகரிப்பாளருக்குக் குறையுடையது. சமூக வரலாற்றாளருக்கோ அப்பற்றே சான்றாகும்: பேரரசின் செலாவணி ஒரு பெண்ணின் உடைமையாகியதை அது காட்டுகின்றது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, மனைவியின் சீதனத்தைக் கணவனின் முதுசத்தினின்றும் வேறுபடுத்தியே வகுத்தது.

1990களின் தொடக்கத்தில் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, காணியும் வீடும் கைவிடப்பட, கொண்டுசெல்லத்தக்க சொத்து நகையாகவே இருந்தது. அடகு பிடிப்போரும் உருக்குவோரும் நிறையையும் மாற்றையுமே நோக்குவர். ஆதலின், உருக்குமுன் காசின் இருபுறங்களையும் படமெடுத்து, அணிந்தவர் வழிமுறையையும் குறித்துவைத்தல் வேண்டும். உருகிய பின்னர் எஞ்சுவது பொன் மட்டுமே.