வளைத்த மரம்: அன்று மூன்று குல்டன், இன்று அருங்காட்சியகம்

நாற்காலியின் முதுகு வளைந்திருக்க வேண்டுமென்றால், 1800களின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தச்சர்கள் பெரும்பாலும் அதைச் செதுக்கித்தான் எடுத்தார்கள். அகலமான பலகையில் வளைவை வரைந்து, அறுத்து, உளியால் உருட்டி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்ததெல்லாம் அடுப்புக்குப் போகும். எஞ்சிய வளைவிலும் ஒரு பலவீனம் இருந்தது. மரத்தின் ரேகை நேராக ஓடும், வடிவம் மட்டும் திரும்பும். திரும்புகிற இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்படுவதால், பளு ஏறினால் அங்கேதான் முறியும். அதற்காகத் தடிமனைக் கூட்டினார்கள். அந்தத் தடிமனை மறைக்கத்தான் இலையும் பூவும் செதுக்கினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மரத்தைச் சூடேற்றி வளைப்பது அப்போதே தெரிந்த வித்தைதான். படகு கட்டுபவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் வின்ஸர் நாற்காலி செய்தவர்கள் முதுகு வளையத்தை நீராவியில் இளக்கித்தான் வளைத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சாமுவேல் கிராக் 1808இலேயே வளைத்த மர நாற்காலிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் வளைப்பதையே அடித்தளமாக வைத்து ஒரு பெருந்தொழிலை எழுப்பியவர் மிகேல் தோனெட். 1796இல் ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்ற சிற்றூரில் பிறந்த தச்சர்.

அவருடைய முதல் முறையில் நீராவி இல்லை. 1830களில் அவர் மெல்லிய மரப்பட்டைகளைக் கொதிக்கும் வஜ்ஜிரப் பசையில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வளைத்து இறுக்கினார். நாற்காலி இலேசாகவும் உறுதியாகவும் வந்தது. 1841இல் கோப்லென்ஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். தோனெட் போனார். வெளிநாட்டுக் காப்புரிமைகளுக்காக வாங்கிய கடன் ஊரில் இருந்த சொத்தைக் கொண்டுபோனது. வியன்னாவில் சில ஆண்டுகள் லிக்டென்ஸ்டைன் அரண்மனைக்குத் தரையும் இருக்கைகளும் செய்து பிழைத்து, 1849இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1853இல் தொழிலை ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றினார்.

வஜ்ஜிரத்தின் குணம் நம் ஊர்த் தச்சர்களுக்குப் புதிதல்ல. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை, ஈரம் பட்டால் இளகிவிடும். கடல் கடந்து வெப்ப நாடுகளுக்குப் போன நாற்காலிகள் அங்கே பட்டை பட்டையாகப் பிரிந்தன. ஆகவே பசையே இல்லாமல், முழுக் கம்பையே வளைக்க வேண்டும் என்றாயிற்று. அங்கேதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு வருகிறது.

நீராவியில் வெந்த மரத்தை நெருக்கலாம், இழுக்க முடியாது. உள்வளைவில் அது கால் பங்கு வரைகூடச் சுருங்கிக் கொடுக்கும். வெளிவளைவிலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே நார் கிழியும். தோனெட் கம்பின் வெளிப்புறத்தில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து, இரு முனையிலும் அசையாமல் பிடித்துவிட்டு வளைத்தார். இழுவிசை முழுவதையும் பட்டை வாங்கிக்கொண்டது. மரத்துக்குச் சுருங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது. பார்த்தால் மிக எளிது, சொன்னால் இரண்டு வரி. 1856இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த 13 ஆண்டுகள் முழுமரத்தை வளைத்து நாற்காலி செய்யும் உரிமை ஆஸ்திரியப் பேரரசில் ஒரே குடும்பத்திடம் இருந்தது.

தொழிற்சாலையை அவர்கள் தலைநகரில் வைக்கவில்லை. மரமும் கூலியும் மலிவாகக் கிடைத்த மொராவியாவின் பீச் காடுகளுக்கு நடுவே, முதலில் கோரிசானியிலும் பின்னர் பிஸ்திர்ஷிட்ஸேயிலும் நிறுவினார்கள். இரண்டும் இன்று செக் நாட்டில் உள்ளன. அங்கே பீச் அதுவரை பெரும்பாலும் விறகு மரம். ஆனால் நீராவியில் அதைப்போல் வளையும் மரம் குறைவு.

1859இல் வந்தது 14ஆம் எண் நாற்காலி. பின்னாளில் நிலைத்த வடிவில் ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், பிரம்புப் பின்னலிட்ட வட்ட இருக்கை. பின்கால்களும் முதுகும் ஒரே கம்பு. கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் திருகாணி முடுக்கத் தெரிந்தவர் இருந்தால் போதும். விலை, அன்றைய ஆஸ்திரிய நாணயத்தில், மூன்று குல்டன். நல்ல ஒயின் ஒரு புட்டியைவிடக் குறைவு என்று அந்நாளில் சொல்வார்கள். 1930க்குள் ஐந்து கோடி விற்றது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது அந்தக் குடும்பத்தின் ஆலைகளில் சுமார் 6,000 பேர் வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,000 மரச்சாமான்கள் வெளியே வந்தன. காப்புரிமை 1869இல் தீர்ந்தபின் கோன், முண்டுஸ் என்று போட்டி நிறுவனங்களும் பெருகின. மும்பையின் ஈரானி உணவகங்களில் பளிங்கு மேசையைச் சுற்றிப் போட்டிருக்கும் கறுத்த வளைமர நாற்காலிகள் இந்த மரபின் கிளைதான்.

இந்த எண்ணிக்கையில் மறைந்துபோகும் கைகளும் உண்டு. ஒவ்வொரு இருக்கையிலும் பிரம்பைக் கோத்துப் பின்னியவர்கள், ஆலையைச் சுற்றியிருந்த கிராமங்களின் பெண்களும் பிள்ளைகளும். வேலை வீட்டுக்கு வரும், கூலி துண்டுக் கணக்கில். பிரம்பு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலேறி வரும். இன்று ஐரோப்பிய ஆலைகளில் பிரம்பு பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்த சுருளாக வருகிறது. வெட்டி, நனைத்து, பள்ளத்தில் அழுத்திப் பசையிட்டால் முடிந்தது. பிள்ளைகளின் விரல்கள் தப்பின என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நம் அரசு அலுவலகங்களில் பார்வையற்றோர் பின்னித் தந்த பிரம்பு நாற்காலிகள் குறைந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே போனது ஒருவரின் பிழைப்பு.

பிஸ்திர்ஷிட்ஸே ஆலை இன்றும் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாகிய அரசு அதை எடுத்துக்கொண்டது. 1953 முதல் தோன் என்ற பெயரில் இயங்குகிறது. தோனெட் குடும்பத்திடம் எஞ்சியது ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க் ஆலை. குண்டுவீச்சில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. அங்கே பழைய 14ஆம் எண் இப்போது 214. இரு இடங்களிலும் கடினமான வளைவை இன்னும் மனிதர்களே வளைக்கிறார்கள். நீராவிப் பெட்டியிலிருந்து கம்பை எடுத்ததும் பட்டை பூட்டி, வார்ப்பிரும்பு அச்சைச் சுற்றி இழுத்து, கிளாம்ப் போட்டு முடிக்க வேண்டும். ஆறினால் முறியும். எளிய வளைவுகளுக்கு ஹைட்ராலிக் இயந்திரம் வந்துவிட்டது. மற்றபடி 1861இல் பிஸ்திர்ஷிட்ஸேயில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்று திரும்பி வந்தால், அரை நாளில் தன் இடத்தில் நின்றுவிடுவார். விலைதான் அவரைத் திகைக்க வைக்கும். பல நூறு யூரோ கொடுத்து அந்த நாற்காலியை வாங்குபவர், அதை வரிசையாக வாங்கிப் போட்ட அன்றைய காப்பிக் கடை முதலாளியைப் போல் மலிவென்று வாங்குவதில்லை.

மலிவு வேறிடம் போய்விட்டது. இலேசாக, விலை குறைவாக, எங்கும் கொண்டுபோகத் தக்கதாக இருக்க வேண்டிய நாற்காலி இன்று ஒரே வார்ப்பில் பிழிந்தெடுத்த பிளாஸ்டிக். கல்யாண மண்டபத்து மூலையில் அடுக்கி நிற்பது அதுதான். ஒருவகையில் 14ஆம் எண்ணின் நேர் வாரிசு. ஒன்று மட்டும் கைமாறவில்லை. அந்த நாற்காலியில் கால் உடைந்தால் கால் மாற்றலாம், பிரம்பு கிழிந்தால் பின்னலாம். இதில் கால் உடைந்தால் நாற்காலியே போயிற்று.

வளைத்த மரம் கலைக்கூடத்துக்குப் போன வழி சற்றுச் சுற்றுவழி. ஃபின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ, பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக 1932இல் ஒரு சாய்வு நாற்காலி செய்தார். எஃகுக் குழாய் நோயாளியின் உடம்புக்குச் சில்லிடும் என்று பிர்ச் மரத்தகடுகளை ஒட்டி வளைத்தார். மறு ஆண்டு வந்த அவருடைய மூன்றுகால் முக்காலியில், காலின் நுனியைச் சீப்புப் பல்போல் அறுத்து, இடுக்குகளில் மெல்லிய தகடுகளைப் பசையிட்டுச் செருகி வளைத்திருப்பார். போப்பார்டில் தோனெட் தொடங்கிப் பாதியில் கைவிட்ட ஒட்டுமுறை, நூறு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தது. அப்போது ஈரத்துக்கு அஞ்சாத செயற்கைப் பசைகள் வந்துகொண்டிருந்தன.

இன்றைய சிற்பிகளில் பலர் பிடித்துக்கொண்டதும் அந்த ஒட்டுமுறையைத்தான். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜோசப் வால்ஷ், ஆஷ் மரத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, பசையிட்டு, காற்றில் கோடு போடுவதுபோல் வளைக்கிறார். 2014இல் அவர் செய்த ஒரு மேசை எழுதும் பலகையாகத் தொடங்கி, சுருண்டு எழுந்து, அறையைச் சுற்றித் தலைக்கு மேலே அலமாரியாக முடிகிறது. அமெரிக்காவின் மத்தியாஸ் பிளீஸ்னிக் படகு கட்டக் கற்றவர். வெள்ளை ஓக்கின் மெல்லிய சட்டங்களை நீராவியில் வளைத்துக் கூடுபோல் ஒட்டி அலையலையான இருக்கைகள் செய்கிறார். அர்ஜென்டினாவில் பிறந்த பாப்லோ ரெய்னோசோ இன்னும் ஒருபடி மேலே போய், 2004 முதல் தோனெட் நாற்காலிகளையே எடுத்து, அவற்றின் வளையங்களை முறுக்கி நீட்டிச் சிற்பமாக்கினார். அவற்றில் உட்கார முடியாது. தோனெட்டின் மகன்கள் பார்த்திருந்தால் முதலில் எத்தனை கம்பு வீண் என்று எண்ணியிருப்பார்கள்.

அன்றைய கலை அச்சில் இருந்தது. ஒருமுறை சரியாக வார்த்துவிட்டால் அதே வளைவு ஐந்து கோடி முறை வரும். வளைத்தவரின் பெயர் எங்கும் இராது. இன்றைய கலை திரும்ப வராத வளைவில் இருக்கிறது. பெயர் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, வாங்குபவர் அருங்காட்சியகம் அல்லது பெருஞ்செல்வர். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 14ஆம் எண்ணைத்தான் எடுப்பேன். வால்ஷின் மேசை மரத்தால் எவ்வளவு முடியும் என்று காட்டுகிறது, அந்த நாற்காலியோ எவ்வளவு குறைவு போதும் என்று காட்டிவிட்டது.

மரத்தின் நிலையும் மாறிவிட்டது. அன்று மொராவியாவில் பீச் எடுக்க எடுக்கக் குறையாத காடாகத் தெரிந்தது. அயர்லாந்தில் ஆஷ் மரங்களைக் கருகவைக்கும் பூஞ்சை நோய் 2012இல் கண்டறியப்பட்டது, பின்னர் நாடு முழுதும் பரவியது. வேலி ஓரங்களில் சாதாரணமாக நின்ற மரம் இன்று தேடி எடுக்க வேண்டியதாகிறது.

பழைய பொருள் விற்கும் கடையில் வட்ட இருக்கையும் வளைந்த முதுகுமாக ஒரு கறுத்த நாற்காலி கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் தோனெட், கோன், முண்டுஸ் என்று முத்திரையோ காகிதச் சீட்டின் மிச்சமோ இருக்கலாம். திருகாணி தளர்ந்திருந்தால் முடுக்கினால் போதும். பிரம்பு கிழிந்திருந்தால் மேலே ஒட்டுப்பலகை அடித்து மூடிவிடாதீர்கள். பின்னத் தெரிந்தவர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.