நெல் தின்னும் குருவி எது?

நெற்கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் வயலுக்கு வரும் சிறு குருவிகள் எல்லாம் நெல்லைத் தின்பவை அல்ல. அலகையும் இறகையும் கவனித்தால் வேறுபாடு விளங்கும்.

கூம்பு போன்ற தடித்த அலகு இருந்தால் அது தானியம் தின்னும் பறவை. புள்ளிச் சில்லைக்குத் தலையும் தொண்டையும் பழுப்பு நிறம். வெண்மையான வயிற்றில் மீன் செதில் போன்ற கோடுகள் இருக்கும். தூக்கணாங்குருவியில் ஆணுக்குக் கூடு கட்டும் காலத்தில் உச்சந்தலையும் மார்பும் மஞ்சளாகும். மற்ற நாட்களில் அது சிட்டுக்குருவியின் பெட்டையைப் போலவே மங்கலாக இருக்கும்.

மெல்லிய கூரிய அலகு பூச்சி பிடிப்பதற்கு உரியது. சாம்பல் கதிர்க்குருவியின் முதுகு சாம்பல் நிறம், அடிவயிறு இளஞ்செம்மை. நீண்ட வாலை நிமிர்த்தி ஆட்டும். பெயரில் கதிர் இருந்தாலும் இது நெல்லைத் தின்பதில்லை. வரப்பில் ஓடும் நெட்டைக்காலிக்கு மார்பில் பழுப்புக் கீற்றுகள் உண்டு; பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். இவ்விரண்டும் புழு பூச்சிகளைத் தின்று பயிருக்கு உதவுகின்றன. தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகிறது.

ஆகவே விவசாயிகள் விஷம் கலந்த தானியம் தூவக் கூடாது. நன்மை செய்யும் பறவைகளும் அதனால் மடியும்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். பால் பிடித்தது முதல் அறுவடை வரை, காலையிலும் மாலையிலும் தகரம் தட்டியும், பளபளக்கும் நாடா கட்டியும் சில்லைகளை விரட்டலாம்.